முதல் தடவை கட்டுன செங்கல் அடுப்பு: கோணல் மாணல் அனுபவங்கள்

கொல்லைப்புறத்தான் (பொள்ளாச்சி):
வீட்டுக்குப் பின்னாடி விறகு போட்டு பீட்சா, பன் எல்லாம் சுடுற மாதிரி ஒரு அடுப்பு கட்டி முடிச்சாச்சு. கொத்து வேலை எனக்குச் சுத்தமா தெரியாது, யூட்யூப் பார்த்துதான் எல்லாம். அடிப்பீடம் வரைக்கும் ரசமட்டம் வெச்சு, தூக்குக்குண்டு விட்டு நல்லாத்தான் போச்சு, டோம் ஆரம்பிச்ச உடனே கதை மாறிருச்சு. ஃபயர் பிரிக் (சூடு தாங்குற செங்கல்) 9 இன்ச்சுக்கு 4½, கனம் 3 இன்ச், அதை கிரைண்டர்ல பாதியா வெட்டி வட்டமா அடுக்கணும். முதல் ரெண்டு வரிக்கு ஒண்ணும் தெரியாது. மேல போகப் போக கல்லு உள்பக்கமா சாயும், வட்டமும் சுருங்கும், அப்ப பக்கத்து கல்லு ரெண்டும் தலையில முட்டிக்கிட்டு காலுல விரிஞ்சு நிக்கும், நடுவுல முக்கோணமா ஒரு சந்து. அந்தச் சந்துல எல்லாம் கலவையை அப்பிட்டேன். போதாததுக்கு ஒரு பக்கம் நாலஞ்சு வரிக்கு ஜாயின்ட் மேலயே ஜாயின்ட் விழுந்து நேர்கோடா நிக்குது. பக்கத்து வீட்டுல பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் எட்டிப் பார்த்துட்டு "ஏனுங் தம்பி, அடுப்புன்னு சொன்னாங்க, பாம்புப் புத்துல்ல கட்டி வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

அளவு மட்டும் சரியா வந்துருச்சு. உள் அகலம் 36 இன்ச், உயரம் 18, வாசல் உயரம் 11 இன்ச் சொச்சம் (டோம் உயரத்துல 63 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்றாங்கல்ல, அதான்). தரைக்கு கலவையே போடல, மணலும் ஃபயர் கிளேயும் (சூடு தாங்குற களிமண்) பரப்பி மேல கல்லைச் சும்மா நெருக்கி வெச்சிருக்கேன், ஒண்ணு உடைஞ்சா மாத்திக்கலாம். இப்ப தீ மூட்டுனதுல அந்த நேர்கோடு ஜாயின்ட் பக்கமே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பயப்படணுமா வேண்டாமா? கட்டுனவங்க உங்க கதையைச் சொல்லுங்க.

கரண்டி:
எங்கப்பா கொத்தனார், அதனால கேலி பண்ண மாட்டேன். நான் கட்டுனப்ப அவர் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கிட்டு கையே வைக்கல, வாய் மட்டும்தான். அவர் திரும்பத் திரும்ப சொன்னது ரெண்டே விஷயம், கல்லை நனைச்சு வை, கலவையைக் கம்மியா வை. காஞ்ச கல்லு கலவையில இருக்குற தண்ணியை உடனே குடிச்சிரும், அப்புறம் அது பிடிக்காது. கலவை தடிமனா இருந்தா காயும்போது சுருங்கி அங்கதான் முதல்ல வெடிக்கும். பெரிய சந்து வந்தா கலவையால அடைக்காம உடைஞ்ச ஃபயர் பிரிக் சில்லைத் தட்டி இறக்கணும். என்னோடது வெளிய பார்க்க சகிக்காது, ஆனா உள்ள கல்லோட கல்லு ஒட்டி நிக்குது.

கலவை என்ன போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே? வெறும் சிமென்ட்னா கஷ்டம், அது அடுப்புச் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா பலம் போயிரும். நான் மணல் 3, சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1 போட்டேன்.

டோம் விழுந்துரும்னு மட்டும் பயப்படாதீங்க. அது ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டுதான் நிக்குது, கலவை பசை மாதிரி தூக்கிப் பிடிக்கல. கோயமுத்தூர் தியானலிங்கம் டோம் பார்த்திருப்பீங்க, 22 மீட்டருக்கு மேல அகலம், கம்பி இல்லாம சுட்ட செங்கல்லுல நிக்குது. உங்களோடது மூணு அடி.

வடலி (யாழ்ப்பாணம்):
நாங்கள் வளவுக்குள்ள சின்னப் போறணை (பாண், உங்கட ஊர் பிரெட், சுடுற அடுப்பு) ஒண்டு கட்டினனாங்கள். ஃபயர் பிரிக் விலை எண்டுட்டு, மச்சான் கிணறு வெட்டேக்கை வந்த சுண்ணாம்புக்கல்லை வாசல் பக்கம் வச்சுக் கட்டிப்போட்டார். நான் சொன்னனான், எங்கட ஊரிலை சுண்ணாம்பு எடுக்கிறதே உந்தக் கல்லை எரிச்சுத்தானே எண்டு, ஆர் கேட்டது. நெருப்புப் படுற பக்கம் செதில் செதிலாக் கழண்டு விழத் துவங்கி, ஒருநாள் பாணுக்குள்ளயும் ஒரு துண்டு கிடந்தது, மாமி அதைக் கடிச்சிட்டா. பிறகு வாசலை இடிச்சுக் கட்டினது. பீடத்துக்கு அந்தக் கல்லு நல்லது, நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. கோணல் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, எங்கட போறணையிலை நேர்க்கோடு எண்டு ஒண்டுமே இல்லை, பாண் நல்லாத்தான் பொங்குது.

மழைக்காலம் (சென்னை):
விரிசலை விடுங்க சார், தண்ணியைப் பாருங்க. எங்க மொட்டைமாடி அடுப்பு அளவெடுத்த மாதிரி கட்டுனது, காசு குடுத்து ஆள் வெச்சு, ஒரு ஜாயின்ட் பிசகாது. ஐப்பசி மழை முழுக்க மூடாம நனைஞ்சுது, வெயில் வந்த அன்னிக்கே ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்னு வீட்டுல புளிய விறகைப் போட்டு ஒரேயடியா ஏத்திட்டாங்க, உள்ள ஊறியிருந்த தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம கல்லோட முகம் பொரிஞ்சு தெறிச்சிருச்சு. புதுசா கட்டுனதுக்கும் இதே கதிதான், ஒரு வாரமாவது சின்னச் சின்னத் தீயா போட்டு, 100 டிகிரி பக்கத்துல ஆரம்பிச்சு, தினம் கொஞ்சம் ஏத்தணும். அழகா கட்டுன அடுப்பா இருந்தா மழை பார்த்துப் பெய்யுமா என்ன. மேல தகரக் கூரை போடுங்க முதல்ல.

கொல்லைப்புறத்தான்:
கலவை கரண்டி சொன்ன அதே கணக்குதான், நல்லவேளை. தீ கொஞ்சம் அவசரமாத்தான் ஏத்திட்டேன்னு நினைக்கிறேன், பசங்க பீட்சா பீட்சான்னு உசுரை வாங்கிட்டாங்க. நேத்து பார்த்தேன், சூடேறுனா விரிசல் கொஞ்சம் வாய் திறக்குது, ஆறுனதும் மூடிக்குது, புகை வரல. உள்ள மேல்கரி எல்லாம் எரிஞ்சு கல்லு வெளுத்துருச்சு, தெர்மாமீட்டர் கன் 400 டிகிரிக்கு மேல காட்டுச்சு, பீட்சா ஒன்றரை நிமிஷத்துல வெந்துருச்சு (ஒண்ணு கருகிருச்சு, அது அடுப்போட தப்பு இல்ல).

அந்தப் பெரிய சந்தை எல்லாம் வெளிப்பக்கம் தோண்டி சில்லு அடிக்கப் போறேன். அதுக்கு மேல சூடு வெளிய போகாம இருக்க செராமிக் பிளாங்கெட் (பஞ்சு மாதிரி இருக்குற விரிப்பு) சுத்தி, வெர்மிகுலைட்டும் (செடித் தொட்டிக்குப் போடுற லேசான துகள்) சிமென்ட்டும் 5க்கு 1 கலந்து பூசிட்டா கோணல் யாருக்கும் தெரியாது, அந்தக் கொத்தனாரைத் தவிர. கோயமுத்தூர்ல வெர்மிகுலைட் மூட்டையா வாங்க கடை தெரிஞ்சா யாராவது சொல்லுங்க, நர்சரியில சின்னப் பாக்கெட்தான் தர்றாங்க, கட்டுப்படியாகல.