கொல்லை முழுக்க சேறு, ரெண்டு நாய் வேற – வழி சொல்லுங்க

தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல வீடு. பின்னாடி 20க்கு 15 அடி இடம், சுத்தக் களிமண். ஐப்பசி மழை பிடிச்சா தை வரைக்கும் சேறுதான். ரெண்டு நாட்டு நாய்ங்க அதுல புரண்டுட்டு நேரா சோபாவுக்கு வருதுங்க. விரலிடுக்குல புண். எலிக்காய்ச்சல் ஊசி போட்டாச்சு, ஆனாலும் தேங்கின தண்ணிய நக்குதுங்களேன்னு பயம்.

ஒரு அடி குழி தோண்டி தண்ணி ஊத்திப் பார்த்தேன்; மறுநாள் காலைல பாதிகூட இறங்கல. போன வருஷம் கொட்டின எம்-சாண்ட் (கல்லை உடைச்சு செய்யற மணல்) களிமண்ணோட கலந்து இன்னும் மோசம்.

மேஸ்திரி சிமெண்ட் தளம் போடச் சொல்றார். சித்திரை வெயில்ல நாய்ங்க கால் வெந்துடும், எனக்கு மனசில்ல. சுவரோரம் ஓட்டை போட்ட பிவிசி பைப் புதைச்சு, சுத்தி ஜல்லி போட்டு, தெரு வடிகாலுக்கு விடலாமான்னு யோசனை. மண்ணு அடைக்காம இருக்க என்ன துணி சுத்தணும்? தெரு வரைக்கும் மொத்தம் 40 அடி பைப்புக்கு எத்தனை இஞ்ச் வாட்டம்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்களேன்.