புதுப்பிப்பு: ஹெபடைடிஸ் சி, மாத்திரை முடிந்தது

நாள்பட்ட ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருப்பது தெரிந்து, உடைந்துபோய் நான் எழுதிய பதிவின் தொடர்ச்சி இது. 1996இல் பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தம்தான் காரணமாக இருக்கும் என்கிறார் டாக்டர். தான ரத்தத்தில் இந்த வைரஸைச் சோதிப்பது இந்தியாவில் அப்போது கட்டாயமில்லை. இதைக் கேட்டபின் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. கல்லீரல் நோய் என்றதும் "குடிப்பீங்களா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டேன். சொந்த வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்ததுதான் ரொம்ப வலித்தது. சேர்ந்து சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால் இது பரவாது. பெரும்பாலும் ரத்தம் வழியாகத்தான் பரவும். ரேஸர், டூத்பிரஷ், நகவெட்டி தனியாக இருந்தால் சரி.

அப்புறம், சிகிச்சை. சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் சாப்பிட்டு முடித்தாயிற்று. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். பணத்துக்குப் பயந்து யாரும் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை நிறுத்தி 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால்தான் குணம் என்பார்கள். (ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தைத் தேடும் பரிசோதனை, அதன்பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும், பதற வேண்டாம்.) அதுவரை காத்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, தூக்கமே வருவதில்லை. அதற்கு மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.