டிரிங்கோமலி 1:96 – அணியத்தில் பலகை பிளக்கிறது, நூல் பிசிறடிக்கிறது

கதிர்_ராயபுரம்

எல்லோருக்கும் வணக்கம். பாய்மரக் கப்பலின் சின்ன மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பாகங்களை வெட்டிப் பெட்டியில் தரும் கிட் கிடையாது, வரைபடத்தைப் பார்த்து நானே வெட்டுகிறேன். எடுத்துக்கொண்ட கப்பல் டிரிங்கோமலி. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. நம் நாட்டு மரம், நம் ஆட்களின் கை. அதனால்தான் வேறு கப்பல் மேல் மனசு போகவில்லை.

அளவு 1:96, அதாவது அசலில் ஓர் அடி என்றால் இங்கே எட்டில் ஒரு அங்குலம். பீரங்கித் தளம் 150 அடி நீளம் என்பதால் எனக்குச் சுமார் 19 அங்குலம் வருகிறது. நடு முதுகெலும்பும் குறுக்குச் சட்டங்களும் 4 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி ஒட்டியாயிற்று. பலகைக்கு 2 மி.மீ. தடிமன், 6 மி.மீ. அகலத்தில் தேக்குப் பட்டை, சூளைப் பக்கம் ஒரு மரக்கடையில் அறுத்து வாங்கினேன்.

சிக்கல் இதுதான். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், வளைக்கும்போது பலகை பிளக்கிறது, இல்லையென்றால் ஓரம் தூக்கிக்கொள்கிறது. அடுத்தது நூல். சும்மா ஒரு குச்சியை நட்டுக் கயிறு கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தி நூல் பிசிறடிக்கிறது, மழை நாளில் விறைக்கிறது, வெயிலில் தொய்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம், ஈரக்காற்றைத் தடுக்க முடியாது. என்ன செய்யலாம்?

மோகன்_புழல்

முதல் கப்பலுக்கே மூன்று பாய்மரமா? ஆக்ரே, பில்லிங் போட்ஸ் மாதிரி கம்பெனிகளின் ஒற்றைப் பாய்மரக் கிட் ஒன்றைச் செய்து கை பழகிவிட்டு இதற்கு வரலாமே. இறக்குமதி என்பதால் விலை கூடத்தான், ஆனால் பலகை சரியான தடிமனில் வந்துவிடும்.

கொருக்குப்பேட்டை_பெரியவர்

கதிர் தம்பி, மோகன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் சட்டங்களை நிறுத்திய பிறகு எதற்குப் பின்வாங்க வேண்டும்? தொடருங்கள்.

எங்கள் அப்பா காசிமேட்டில் மீன்பிடி விசைப்படகு கட்டிய ஆசாரி. வங்குக்கு, அதாவது படகின் குறுக்குச் சட்டத்துக்கு, வாகை மரம், பலகைக்கு அயினி மரம். நான் துறைமுகத்தில் வேறு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில்தான் கப்பல் மாதிரி செய்ய உட்கார்ந்தேன். அவர் எந்தப் பலகையையும் வம்படியாக வளைத்து ஆணி அடிக்க மாட்டார். பலகை தானாக எங்கே போய்ப் படுக்க விரும்புகிறது என்று முதலில் பார்ப்பார். உங்கள் சிக்கலுக்கும் அதுதான் வழி.

முதலில் கணக்கு. 2 மி.மீ. தடிமனை 96ஆல் பெருக்குங்கள், ஏழரை அங்குலம். 6 மி.மீ. அகலம் அசலில் கிட்டத்தட்ட இரண்டடி. அத்தனை தடித்த, அகலமான பலகை ஒரு விரல் நீளத்துக்குள் திரும்பாது. 1 மி.மீ.க்கு இழைத்து, 3 மி.மீ. அகலத்துக்குக் கிழியுங்கள், அசலில் அது பதினொரு அங்குலப் பலகை, பார்வைக்கும் பொருந்தும். இரண்டு அடுக்கு போடலாம். அடியில் எந்த லேசான மரமும் சரி, மேல் அடுக்கு மட்டும் தேக்கு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள். ரேகை நேராக ஓடும் துண்டுகளை மட்டும் எடுங்கள். ரேகை பக்கவாட்டில் வெளியேறும் துண்டு எவ்வளவு ஊறினாலும் அங்கேதான் பிளக்கும்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். கப்பலின் நடுவில் அடியிலிருந்து தளம் வரை சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஒரே அகலப் பலகையை முன்னால் கொண்டுபோனால் இடம் போதாது, அப்போதுதான் ஓரம் தூக்கும். ஒரு காகித நாடாவை நடுச் சட்டத்தில் ஒட்டவைத்து நீளம் குறியுங்கள், 3 மி.மீ.யால் வகுங்கள். எத்தனை பலகை வருகிறதோ, அதே எண்ணிக்கையில் அணியத்துச் சட்டத்தின் நீளத்தையும் வகுங்கள். அங்கே ஒரு பலகைக்குக் கிடைக்கும் அகலம் இரண்டு மி.மீ. என்றால், பலகை மூன்றில் தொடங்கி இரண்டில் முடியும்படி சீவ வேண்டும். மற்ற சட்டங்களிலும் இப்படியே பென்சில் கோடு போட்டுவிடுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே சீவ வேண்டி வந்தால் சீவாதீர்கள். பக்கத்துப் பலகையோடு சேர்த்து இரண்டை ஒன்றாக முடியுங்கள். அசல் கப்பலிலும் கூர்முனையில் ஆணி பிடிக்காது என்பதால் அப்படித்தான் செய்தார்கள்.

சட்டங்களின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தீர்களா? நீளமான ஒரு மரப்பட்டையில் உப்புத்தாளை ஒட்டி, மூன்று நான்கு சட்டங்களைச் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பலகை சட்டத்தின் முழு ஓரத்திலும் உட்காராமல் ஒரு முனையில் மட்டும் தொட்டால் ஒட்டு நிற்காது.

வளைக்க: வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அணியத்தில் கிளிப் போட்டு அப்படியே இரவு விடுங்கள். காய்ந்த பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடுக்கு விழும். இடப்பக்கம் ஒன்று போட்டால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கம் அடுக்கிக்கொண்டே போனால் முதுகெலும்பு அந்தப் பக்கம் இழுத்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. குண்டூசி வேண்டுமானால் பித்தளையில் வாங்குங்கள். இரும்பு நம் ஏரியா உப்புக்காற்றில் தேக்குக்குள்ளேயே கறுத்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். எந்த ஆண்டு டிரிங்கோமலி செய்கிறீர்கள்? 1847இல் பின்பக்கத்தை மாற்றிக் கட்டி, பீரங்கிகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். 1817 வரைபடத்தில் உடம்பைச் செய்துவிட்டு, பின்பக்கத்துக்கு ஏதோ ஒரு புகைப்படத்தைப் பார்த்தால் இரண்டு கப்பல் கலந்துவிடும். வரைபடம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது: இந்தக் கப்பலுக்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவில்லை. அவற்றைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அருகே அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் தோற்கடித்துவிட்டது. மறுபடி அனுப்பிய பிறகுதான் வாடியா பட்டறையில் வேலை தொடங்கியது.

மீனா_வண்ணாரப்பேட்டை

நூலைப் பற்றி நான் சொல்கிறேன். ஆரி வேலைக்கும் தையலுக்கும் எந்நேரமும் நூலோடுதான் இருக்கிறேன், அதோடு இரண்டு பாய்மரம் உள்ள சின்னக் கப்பல் ஒன்றும் முடித்து வைத்திருக்கிறேன்.

பருத்தி ஈரத்தை இழுக்கும், அதனால்தான் விறைப்பதும் தொய்வதும். முறுக்கு நன்றாக உள்ள பாலியஸ்டர் நூல் எடுங்கள். அதிலேயே பளபளப்பு உள்ளது வேண்டாம், கயிறு மாதிரி தெரியாது. கட்டும் முன் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்து, விரல் சூட்டில் நீவி விடுங்கள், பிசிறு படிந்துவிடும். சாதாரண மெழுகுவத்தி மெழுகு உதிரும், அதை எடுக்காதீர்கள். பருத்தியேதான் வேண்டும் என்றால் சுடர் மேல் வேகமாக ஓட்டிப் பிசிறைப் பொசுக்கலாம். பாலியஸ்டரில் அதைச் செய்தால் உருகிவிடும்.

முடிச்சில் சூப்பர் குளூ விடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. நூல் கம்பி மாதிரி ஆகி, அசைந்தால் ஒடிகிறது, பக்கத்தில் வெள்ளை பூக்கிறது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஊசி முனையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். பிறகு எப்போதாவது அவிழ்க்க வேண்டுமானால் ஈரத் தூரிகையால் தொட்டு இளக்கலாம்.

கதிர்_ராயபுரம்

பெரியவரே, மீனா அக்கா, ரொம்ப நன்றி. 1817ஐயே செய்கிறேன். சட்ட ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கவில்லை, இன்று அதைத்தான் தொடங்கப் போகிறேன். கயிற்றின் தடிமனை எப்படிக் கணக்கிடுவது? புத்தகத்தில் பத்து அங்குலக் கயிறு என்று போட்டிருக்கிறது, அவ்வளவு பருமனாகவா இருந்திருக்கும்? பாய் கட்டலாமா?

கொருக்குப்பேட்டை_பெரியவர்

தம்பி, பழைய பட்டியலில் கயிற்றைச் சுற்றளவில்தான் சொல்வார்கள். பத்து அங்குலத்தை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உங்கள் அளவில் சுமார் 0.85 மி.மீ. நூல். இதைப் பார்க்காமல் கட்டினால் எல்லாக் கயிறும் மூன்று மடங்கு தடித்துவிடும்.

ஒவ்வொரு கயிற்றையும் கட்டும் முன் அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகள் அசையாதவை, தார் பூசியவை, அவற்றுக்குக் கறுப்பு கலந்த காப்பி நிறம். பாயையும் அது தொங்கும் குறுக்குக் கட்டையான பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்பும் கயிறுகள் மாலுமி கையில் ஓடுபவை, அவற்றுக்குச் சணல் நிறம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் எதை எங்கே கட்டுவது என்ற குழப்பம் பாதி போய்விடும். பக்கக் கயிறுகளை இரண்டிரண்டாக மரத்தின் தலையில் மாட்டுங்கள்: முதல் ஜோடி வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். முன்னால் இழுக்கும் கயிற்றைக் கடைசியில் இறுக்குங்கள். ஏணிப்படிக் கயிறுகளுக்கு நூலில் மெல்லியது, 3.7 மி.மீ. இடைவெளி, ஒரு அட்டையில் கோடு போட்டுப் பின்னால் செருகிக்கொண்டால் வரிசை கோணாது. பக்கக் கயிற்றின் அடியில் வரும் மூன்று துளை வட்டக் கட்டைகளைத் தேங்காய் ஓட்டில் செய்கிறேன், 3 மி.மீ. அளவிலும் துளை பெயர்வதில்லை.

பாய் வேண்டாம் என்பது என் கருத்து. இந்த அளவில் எவ்வளவு மெல்லிய மல் துணியும் கித்தான் படுதாவாகத் தெரியும், அத்தனை கயிற்று வேலையும் அதன் பின்னால் மறைந்துவிடும். வெறும் பருமலோடு நிறுத்துங்கள்.

அதெல்லாம் பிறகு. முதல் நான்கு வரிசைப் பலகை முடிந்ததும் அணியத்தை நேர் முன்னாலிருந்து படம் எடுத்துப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.