அம்மாவுக்குத் தெரியும் உருவங்கள்: கண்ணின் குறையா, மூளையின் குறையா?

என் அம்மாவுக்கு வயது 78; கும்பகோணத்தில் எங்களுடன் இருக்கிறார். குளுக்கோமாவால் இரு கண்களிலும் பார்வை பெருமளவு குறைந்துவிட்டது. நான்கு மாதங்களாக, விளக்கு வைக்கும் நேரத்தில், கூடத்துச் சுவரோரம் பூப்போட்ட பாவாடை கட்டிய சிறுமிகள் வரிசையாக நிற்பதாகச் சொல்கிறார். அவர்கள் பேசுவதில்லை, கால் மணி நேரத்தில் மறைந்துவிடுகிறார்கள். அது உண்மையல்ல என்பதும் அவருக்குத் தெரிகிறது.

சிறுநீர்த் தொற்று, சோடியம், சர்க்கரை, பி12 ஆகிய பரிசோதனைகளில் குறை ஏதுமில்லை. சளிக்குக் கொடுத்துவந்த, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்தினோம்; கூடத்தில் வெளிச்சத்தைக் கூட்டினோம். உருவங்கள் குறைந்தனவே தவிர, நிற்கவில்லை. (காற்று, கருப்பு என்று மந்திரிக்கச் சொல்லும் உறவினர்களைச் சமாளிப்பது தனிப் பாடு.)

பார்வை இழந்தவர்களுக்கு இவ்வாறு தோன்றுவதை 1760இல் சுவிஸ் இயற்கையியல் அறிஞர் சார்ல்ஸ் போனே தம் தாத்தாவிடம் கண்டு எழுதியிருப்பதால், இதுவும் அதுவே என்று நம்பியிருந்தோம். ஆனால் மூன்று வாரங்களாக நடை தளர்ந்து, கை நடுங்கி, ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருக்கிறார். ஒரு மருத்துவர், இல்லாத உருவங்கள் தோன்றுவதை அடக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தை எழுதிக் கொடுத்தார். இது, உருவத் தோற்றங்களோடு நடுக்கமும் நாளுக்கு நாள் மாறும் தெளிவும் வரும் லூயி பாடி மறதிநோயாக இருந்தால் அம்மருந்து உடலைக் கடுமையாக விறைக்கச் செய்யக்கூடும் என்பதால், அவரிடமே சொல்லிவிட்டு இன்னும் தொடங்கவில்லை.

பார்வைக் குறைவால் வரும் தோற்றமா, லூயி பாடி மறதிநோயா என்று பிரித்தறிய, நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் ஆகிய மூன்றில் முதலில் எந்தப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது சரி?