ஆச்சி வீடு குழு: 2,399 ரூபாய் போன வழி

சனி, காலை 8:12

அம்மா: ஏட்டி, உன் கணக்கிலிருந்து 2,399 ரூபாய் போனதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. என்ன வாங்கினாய்?

நான்: ஒன்றும் வாங்கவில்லை அம்மா. நிறுத்த மறந்துவிட்டேன்.

நான்: ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஒரு திட்டமிடும் செயலி. 7 நாள் இலவசம், 8ஆம் நாள் வருடச் சந்தா. அதற்குள் ரத்து செய்ய நினைவூட்டல் வைத்திருந்தேன். அதையும் அதே செயலியில்தான் வைத்தேன். அதைத் திறந்து 5 நாள் ஆகிறது.

அம்பை மாமா: மறதிக்கு இவ்வளவு காசா? 40 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கு தாயி.

நான்: நோட்டு 11 கிடக்கிறது மாமா. எல்லாவற்றிலும் முதல் 3 பக்கம் எழுதியிருக்கும்.

பாளை சித்தி: அண்ணே, டாக்டர் பார்த்துச் சொன்னது அது. வெறும் மறதி இல்லை. கரண்ட் பில்லுக்குக் காசு இருக்கும், கடைசி நாளும் தெரியும், ஆனால் உட்கார்ந்து கட்டத் தொடங்க முடியாது அவளால்.

நான்: அதற்கு ஏடிஎச்டி வரி என்றே பெயர் சித்தி. அபராதம், ஃப்ரிட்ஜில் அழுகிய காய், வீட்டில் இருக்கிற சார்ஜரையே திரும்ப வாங்குவது. இந்த 2,399உம் அந்தக் கணக்கில்தான்.

அம்பை மாமா: சரி, நான் சொன்னது தப்புதான். ஆனால் வங்கியில் இருந்தவன் கேட்கிறேன். தானாகக் காசு எடுக்கும் யூபிஐ ஆட்டோபே என்றால், எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வந்திருக்க வேண்டுமே? ரிசர்வ் வங்கி விதி அது.

அம்மா: வந்தது. லோன் விளம்பரம் என்று நான்தான் அழித்தேன்.

அம்பை மாமா: நல்ல குடும்பம்.

அம்பை மாமா: செயலியை அழித்தால் சந்தா நிற்காது, தெரிந்துகொள். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய். யூபிஐயில் ஆட்டோபே பட்டியலையும் பார். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் கேட்காமலே எடுக்க முடியும். மாதாமாதம் 1ஆம் தேதி அந்தப் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நீ அனுப்ப மாட்டாய், நானே கேட்கிறேன்.

மைனி: பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் காசு திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. இன்றைக்கே கேள்.

நான்: சரி மைனி.

மைனி: நீ சரி என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான்: வேறு எதுதான் மலிவு, சொல்லுங்கள்.

மைனி: நானும் இதில் காசு விட்டவள்தான். முதலில் இலவசத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார். டூடூயிஸ்ட் செயலியில் 5 ப்ராஜெக்ட், அதாவது 5 வேலைப் பட்டியல் வரை இலவசம். உனக்கு 5 போதும், 50 திறந்தால்தான் ஆபத்து. டிக்டிக் செயலியில் நினைவூட்டலும், வேலையையும் ஓய்வையும் மாற்றி மாற்றி அளக்கும் பொமடோரோ கடிகாரமும் இலவசம், காலண்டர் பார்வைக்குக் காசு. கோப்ளின் டூல்ஸ் இணையதளம் முழுக்க இலவசம். போனில் செயலியாக வேண்டுமானால் ஒரே ஒரு தடவை சின்னத் தொகை. 'வீட்டைச் சுத்தம் செய்' என்று போட்டால் துண்டு துண்டு வேலையாகப் பிரித்துத் தரும்.

நான்: டீமோ? 2025இல் ஆப்பிள் சிறந்த ஐபோன் செயலி என்று விருது கொடுத்ததே.

மைனி: டென்மார்க்காரர்கள் செய்தது, பார்க்க அழகு. ஆனால் சந்தா. வருடக் கட்டணத்தை 12 மாதத்தால் வகுத்து, மலிவு என்று எல்லாரும் காட்டுவார்கள். நீ எத்தனை வாரம் திறப்பாயோ அதால் வகு. 3 வாரம் என்றால் உன் 2,399 வாரத்துக்கு 800 ரூபாய். புதுமோகம் போனதும் விட்டுவிடுகிற நமக்கு, விலை கூடுதலாகத் தெரிந்தாலும் மாதச் சந்தாதான் லாபம். அதையும் கட்டிய கையோடு ரத்து செய்துவிடு, மாதம் முடியும்வரை ஓடும்.

மைனி: ஃபோகஸ்மேட்டும் பார். வாரம் 3 தடவை இலவசம். முன்பின் தெரியாத ஒருவர் வீடியோவில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்ப்பார், நீ உன் வேலையைப் பார்க்கலாம்.

பாளை சித்தி: இதற்கும் செயலியா! முக்கூடலில் ஆச்சி பீடி சுற்றும்போது தெருப் பெண்கள் எல்லாரும் மடியில் சுளகோடு ஒரே திண்ணைக்கு வந்துவிடுவார்கள். தனியாக இருந்தால் 500 ஓடாது, கூட்டத்தோடு உட்கார்ந்தால் 1,000 ஓடும் என்பாள்.

நான்: அதேதான் சித்தி.

பாளை சித்தி: நாளை சாயங்காலம் 7 மணிக்கு வீடியோ கால் போடுகிறேன். எனக்குப் புளி கிடக்கிறது, கொட்டை எடுக்க வேண்டும். நீ அந்த ரத்து வேலையைப் பார். பேச்சு கிடையாது.

அம்மா: நீ பேசாமல் இருப்பாயா?

ஞாயிறு, மாலை 7:04

பாளை சித்தி: ஏ பிள்ளை, போனை எடு.

பாளை சித்தி: எடு.

நான்: வந்துவிட்டேன், வந்துவிட்டேன். சார்ஜர் தேடினேன்.

இரவு 7:41

நான்: சந்தா ரத்து. ஆட்டோபேயும் நீக்கியாயிற்று. காசைத் திரும்பக் கேட்டும் எழுதிவிட்டேன்.

அம்பை மாமா: 36 மணி நேரம் ஆகப்போகிறது. தப்பித்தாய்.

பாளை சித்தி: எனக்கு 2 கிலோ புளி முடிந்தது. நடுவில் ஒரே ஒரு விஷயம்தான் பேசினேன்.

நான்: மேலத்தெருக் கல்யாணம் முழுசும்.

அம்மா: இப்போது ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அழிக்கவில்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.