ஊதாத் தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா?

செம்பருத்தி:
மூன்று வாரமாக ஜன்னலோரச் செம்பருத்திக்குக் கருநீலத் தேன்சிட்டு ஒன்று வருகிறது. ஊதாத் தேன்சிட்டு என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். நேற்று எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அலகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. லோட்டனாக இருக்குமோ? சிறகடியில் மஞ்சள் கற்றை தெரிகிறது, அதை வைத்துச் சொல்ல முடியாதா? கூடவே ஒரு பெட்டையும் வருகிறது. முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

பழைய பைனாகுலர்:
மஞ்சள் கற்றையை விட்டுவிடுங்கள், இரண்டு ஆணுக்கும் உண்டு. மார்பில் அரக்குப் பட்டையைத் தேடச் சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். ஊதாவுக்கும் மெல்லிசாக ஒன்று இருக்கும்.

வயிற்றைப் பாருங்கள். ஊதா ஆணுக்கு வயிறும் கறுப்புதான், வெயில் பட்டால் அதிலும் நீலம் ஓடும். லோட்டனுக்குப் பளபளப்பு மார்போடு நின்றுவிடும். அதற்குக் கீழே அடுப்புப் புகை படிந்த மாதிரி மங்கிய பழுப்பு. நிழலில் இரண்டுமே கரித்துண்டு, அங்கே வைத்து முடிவு கட்டாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு சீசன் முழுக்கத் தப்பாக எழுதினேன்.

அலகு லோட்டனுக்கு நன்றாக நீளம். ஊதாவுக்கும் வளைவு உண்டு, ஆனால் குட்டை. பக்கவாட்டுப் படம் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

பெட்டைக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு இருந்தால் ஊதா. லோட்டன் பெட்டைக்கு அது கிடையாது.

கூடுதேடி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டை நிறத்தில், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கருங்கோட்டோடு வந்தால், அது இனப்பெருக்கக் காலம் முடிந்து நிறம் மாறிய ஊதா ஆணாக இருக்கலாம்.

கூடு கிடைத்தால் இன்னும் சுவாரசியம். கூட்டமாக வாழும் சிலந்திகளின் வலைத்திரளுக்குள்ளேயே லோட்டன் குடைந்து கூடு வைப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து வெறும் ஒட்டடை என்றுதான் தோன்றும்.

பெயர் 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனுடையது. அலகைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

செம்பருத்தி:
காலையில் நல்ல வெயில். அந்த ஆண் பூவுக்குள் தலை விடவே இல்லை. பக்கத்துக் காம்பில் உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் குத்தித் தேனை எடுத்தது. வயிறு நீங்கள் சொன்ன புகைப்பழுப்பு. சரி, லோட்டன்தான் என்று நோட்டைத் திருத்தினேன்.

பத்து நிமிடத்தில் பெட்டை வந்தது. கண்ணுக்கு மேல் புருவக்கோடு!

உடனே முதல் வாரப் படங்களைத் தோண்டி எடுத்தேன். அதில் இருக்கும் ஆணுக்கு அலகு குட்டை, வயிற்றில் நீலம். ஒன்று என்று நினைத்து நான் எழுதிக்கொண்டிருந்தது இரண்டு ஆண்களை. நடு வாரத்துக் குறிப்புகளில் எது எவனுடையது என்று இப்போது உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.