புதுப்பிப்பு: இறக்கத்தில் முழங்கால் வலி, முதல் அரை மாரத்தான் முடிந்தது

கொடைக்கானலில் முதல் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன், இறக்கத்தில் ஓடினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோயம்புத்தூரில் 21.1 கிலோமீட்டரையும் வலியில்லாமல் ஓடி முடித்துவிட்டேன்.

கைகொடுத்தது மதுரை அண்ணன் சொன்ன யோசனைதான்: இறக்கத்தில் காலை எட்டிப் போடாமல், சின்னச் சின்ன அடியாக வேகமாக வைப்பது. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுவதால் முழங்காலில் ஏறும் சுமை குறைகிறது. கூடவே, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாகக் கீழிறங்கும் பயிற்சியும் செய்தேன். தொடைத் தசை நன்றாக உறுதிப்பட்டது.

நீண்ட ஓட்டங்களை கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவரும் ஏரிச் சாலைக்கு மாற்றினேன். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. குதிரைகளும் வாடகை சைக்கிள்களும் வருவதற்குள் முடித்துவிடலாம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். 2,100 மீட்டர் உயரத்தில் கடிகாரத்தைவிட அதுவே நல்ல அளவு.

எதிர்பாராதது வெயில். கீழே கோயம்புத்தூரில் மூச்சு தாராளமாக இருந்தது, ஆனால் பாதித் தூரத்துக்கு மேல் உடம்பு கொதித்தது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மலையிலிருந்து சமவெளிக்குப் போய் ஓடுபவர்கள் முடிந்தால் முன்கூட்டியே இறங்கிப் பழகுங்கள். முடியாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே நிதானமாக ஓடி, தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம், முழங்கால் வீங்கினாலோ ஓய்விலும் வலித்தாலோ இதையெல்லாம் முயலாமல் மருத்துவரைப் பாருங்கள்.